ஒரு ரூபாய்க் காசுக்குள் ஐந்து பெல்லட்

நேற்று சாயங்காலம் பனி இறங்குவதற்கு முன்னால் ஒரு பழைய ஏர் ரைபிளில், அதாவது காற்றழுத்தத் துப்பாக்கியில், பத்து மீட்டரில் ஐந்து பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) சுட்டேன். அட்டையைக் கழற்றிவந்து ஓட்டைகளுக்கு மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்தேன். ஐந்தும் மறைந்துவிட்டன. பழைய காசுதான், 2011 வரிசை, கிட்டத்தட்ட 22 மி.மீ. அகலம். இப்போது புழங்குகிற சின்னக் காசை வைத்தால் ஒரு பக்கம் ஓட்டையின் விளிம்பு எட்டிப் பார்க்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் துப்பாக்கியைச் சரிசெய்ய ஆடியில் தொடங்கிய வேலை தை பிறந்துதான் முடிந்தது. நடுவில் ஒரு ஸ்பிரிங்கை நானே உடைத்தேன், இரண்டு தோல் வாஷரை வீணாக்கினேன், வேலைக்கு ஆகாத ஒரு தராசும் வாங்கினேன்.

எனக்கு முதலில் ஆசை வந்தது ஏர்கன் மேல் இல்லை, ரீலோடிங் மேல், அதாவது சுட்ட தோட்டாவின் கூட்டை மறுபடி நிரப்புவது. அமெரிக்காக்காரர்கள் வீட்டு கராஜில் உட்கார்ந்து, சுட்ட பித்தளைக் கூட்டைத் துடைத்து, மருந்தைப் பற்றவைக்கிற பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வெடிமருந்தை கிரெயின் என்கிற நுண்ணிய எடைக் கணக்கில் நிறுத்துப் போட்டு, மேலே புல்லட்டைப் பொருத்துகிற வீடியோக்களை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடுவதைவிட அந்த மேசைதான் எனக்குப் பிடித்தது. தராசு, வெர்னியர், நோட்டுப் புத்தகம், ஒவ்வொரு தோட்டாவும் அடுத்ததைப் போலவே இருக்க வேண்டும் என்கிற பிடிவாதம்.

நான் இருப்பது அருவங்காட்டில். ஊட்டி ரயிலில் வெலிங்டனுக்கும் கேத்திக்கும் நடுவில் வருகிற ஸ்டேஷன். ஊர் வளர்ந்ததே கார்டைட் பேக்டரியைச் சுற்றித்தான். நூறு வருஷத்துக்கு மேலாகத் தோட்டாவுக்கும் பீரங்கிக்கும் மருந்து செய்கிற இடம், 2021-லிருந்து மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. சித்தப்பா அங்கே முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒருநாள் வீடியோவைக் காட்டி, “இதெல்லாம் நம்ம ஊர்ல செய்ய முடியுமா சித்தப்பா?” என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “மருந்து நிறுக்கிற ரூம்ல நாங்க சத்தமாகூடப் பேச மாட்டோம்டா. நீ வீட்டுக்குள்ள வெச்சு செய்யப் போறியா? உங்க அம்மா அடுப்பு எரியிற வீட்ல?” என்றார். அதற்குமேல் பேச்சே இல்லை.

சட்டமும் அவர் பக்கம்தான். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் யாரும் தோட்டா தயாரிக்கக் கூடாது. துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருந்தால் தோட்டா செய்ய அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்ச தண்டனையே ஏழு ஆண்டு. அங்கே பொழுதுபோக்கு, இங்கே ஜெயில். இதைப் படிக்கிற யாருக்காவது அந்த வீடியோக்கள் மேல் என்னைப் போல ஆசை இருந்தால், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் கோத்தகிரியில் பெரியப்பா வீட்டுப் பரணைக் காலி செய்தபோது இந்த ஏர் ரைபிள் கிடைத்தது. உள்நாட்டில் செய்தது, குழலை மடக்கி லோடு செய்கிற வகை (மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் அழுந்தும், சுடும்போது அது பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் அழுத்துகிற காற்று பெல்லட்டைத் தள்ளும்), இருபது வருஷமாகச் சாக்கில் சுற்றிக் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன் குழலில் என்ன அளவு பொறித்திருக்கிறது என்று பார்த்தேன். .177, அதாவது 4.5 மி.மீ. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்போகாத ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். பரணில் கிடப்பது .22, அதாவது 5.5 மி.மீ. ஆக இருந்தால் கதையே வேறு, அதனால் இதை முதலில் பாருங்கள்.

மருந்தும் இல்லை, பிரைமரும் இல்லை. ஆனால் நிறுக்கலாம், அளக்கலாம், நோட்டில் எழுதலாம். எனக்கு அது போதும் என்று தோன்றியது.

முதல் தப்பு முதல் நாளே நடந்தது. மடக்கிச் சுட்டால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம், பெல்லட் அட்டையில் முக்கால்வாசி புதைந்து நிற்கிறது. காய்ந்து கிடக்கிறது போல என்று அம்மாவின் தையல் மிஷின் எண்ணெயை எடுத்து, காற்று வருகிற துளை வழியாக ஐந்தாறு சொட்டு விட்டேன். அடுத்த சுடுதலில் ‘படார்!’ குழல் வாயில் வெள்ளைப் புகை. பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து, “தம்பி, என்ன வெடிச்சுது?” என்று கேட்டார். நான் சந்தோஷத்தில் இருந்தேன், பவர் திரும்பி வந்துவிட்டதாம். ஒரு வாரம் அப்படியே சுட்டேன். பிஸ்டன் காற்றை அழுத்தும்போது வருகிற சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது, டீசல் இன்ஜின் ஓடுவது மாதிரியே. அதற்கு டீசலிங் என்றுதான் பெயர். அது பிஸ்டனைத் திருப்பி உதைக்கிறது, ஸ்பிரிங் அடி வாங்குகிறது. எட்டாவது நாள் உள்ளே ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வந்தது, பவர் முன்னைவிடக் குறைந்தது. என்ன உடைந்தது என்று பின்னால்தான் தெரிந்தது.

நியாயமாகப் பார்த்தால் அப்போதே பிரித்திருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தராசு ஆசை. ஐநூறு மேட்ச் பெல்லட், அதாவது போட்டி ரகப் பெல்லட், உள்ள டப்பா ஒன்று வாங்கினேன், தட்டைத் தலை, டப்பாவில் 0.53 கிராம் என்று போட்டிருந்தது. 450 ரூபாய்க்கு 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு. உட்கார்ந்து நிறுத்தால் 0.53, 0.53, 0.53, எப்போதாவது ஒரு 0.52. ஆஹா, எல்லாம் ஒரே எடை என்று இருபது நிமிஷம் நம்பினேன். ரீலோடிங் தராசுகள் பத்தில் ஒரு கிரெயின் காட்டும், அதாவது ஏறக்குறைய 0.006 கிராம். என் தராசின் ஒரு படியே அதைவிடப் பெரிது. வித்தியாசத்தைக் காட்ட முடியாத தராசில் வித்தியாசம் இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறேன்.

அடுத்து 1,350 ரூபாய்க்கு 0.001 கிராம் தராசு. 20 கிராம்வரை தாங்கும், கண்ணாடி மூடி உண்டு. கூட வந்த எடைக்கல்லை நம்பாமல், ஒரு ரூபாய் காசு 3.79 கிராம் என்று எங்கோ படித்த ஞாபகத்தில் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன். 3.09 காட்டியது. தராசு கோளாறு என்று திருப்பி அனுப்பப் பேக் பண்ணி, டேப்பும் ஒட்டிவிட்டேன். தங்கைதான் இரண்டு காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “அண்ணா, இது சின்னதா இருக்கு பாரு” என்றாள். 2011 வரிசைக் காசுதான் 3.79. 2019-இல் வந்த சின்னக் காசு 3.09. தராசு சரியாகத்தான் இருந்தது. டேப்பைப் பிரித்தேன்.

இந்தத் தராசு தொட்டாற்சிணுங்கி. ஜன்னல் இடுக்கு வழியாக வருகிற காற்று, மேசையில் கை ஊன்றுவது, ராத்திரி ஏற ஏற அறை குளிர்வது, எல்லாமே கடைசி இலக்கத்தை ஆட்டும். ஒவ்வொரு இருபது பெல்லட்டுக்கும் பூஜ்யம் பார்த்துக்கொண்டு, மூன்று ராத்திரி உட்கார்ந்து ஐநூறையும் நிறுத்தேன். 0.525 முதல் 0.535 வரை 371. அதற்குக் கீழே 62, மேலே 58. பாவாடை, அதாவது பின்பக்க விளிம்பு, நசுங்கியவை 9, அவற்றைத் தூக்கி எறிந்தேன். நசுங்கலைப் பிடிக்கத் தராசு வேண்டியதில்லை. கண்ணாடித் துண்டைச் சற்றுச் சாய்த்து உருட்டிவிட்டால் நல்ல பெல்லட் ஒழுங்கான வளைவில் போகும், நசுங்கியது தத்தித் தத்திப் போகும். ஐநூறுக்கும் அரை மணி நேரம் ஆகாது.

ஈயம் என்பதால் சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்ய வேண்டாம். முதல் ராத்திரி நான் செய்தேன், அம்மா கண்டுபிடித்த பிறகு என்னையும் தராசையும் மாடிப்படிக்குக் கீழே அனுப்பிவிட்டார். நல்லதுதான். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அந்தத் துணியை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது.

சரி, பலன்? டப்பாவிலிருந்து அப்படியே எடுத்து ஐந்து ஐந்தாக ஐந்து அட்டை சுட்டேன். ஓட்டை மையத்திலிருந்து ஓட்டை மையம்வரை, மிகத் தள்ளியிருக்கும் இரண்டுக்கு நடுவே அளந்ததன் சராசரி 38 மி.மீ. நிறுத்துப் பிரித்த பெல்லட்டில் ஐந்து அட்டை, சராசரி 37. மூன்று ராத்திரிக்கு ஒரு மில்லிமீட்டர். அதுகூடக் கை நடுங்காத நாளாக இருந்திருக்கலாம்.

அன்று கோபத்தில் துப்பாக்கியைத் துடைத்து வைக்கும்போது முன்கட்டை ‘கடக்’ என்று ஆடியது. கட்டையைக் குழாயோடு பிடிக்கிற பக்கத்துத் திருகு இரண்டும் முக்கால் சுற்று லூஸ். பின்னால் டிரிகர் பக்கத்துப் பெரிய திருகு ஒன்றரைச் சுற்று. ஸ்பிரிங் துப்பாக்கி ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னுமாக உதறும், திருகு தானாகக் கழன்றுகொண்டே போகும். ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கி, மேலே தங்கையின் நகப்பாலிஷ் ஒரு சொட்டு வைத்தேன். பாலிஷில் விரிசல் விட்டிருந்தால் திருகு நகர்ந்துவிட்டது என்று பார்த்ததுமே தெரியும், இந்த யோசனை மட்டும் என் சொந்தம். அடுத்த ஐந்து அட்டை சராசரி 24 மி.மீ. செலவு இரண்டு ரூபாய் வாஷர். அன்று ராத்திரி தராசைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இன்னும் மேலே கீழே சிதறல் இருந்தது. வேகம் மாறுகிறதோ என்று சந்தேகம். வேகமானி வாங்கக் காசில்லை. போனில் சத்தத்தைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்கிற ஒலி மென்பொருளில் போட்டு, சுட்ட சத்தத்துக்கும் அட்டையில் பட்ட சத்தத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். போன் என் பக்கத்தில் ஸ்டூலில். 101 மில்லி செகண்டு. பத்து மீட்டரை அதால் வகுத்தால் விநாடிக்கு 99 மீட்டர். கவட்டை இதைவிட நன்றாக அடிக்குமே என்று நொந்துபோனேன். இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போதுதான் உறைத்தது. அட்டையில் பட்ட சத்தம் பத்து மீட்டர் திரும்பி வந்து என் போனில் விழ வேண்டும், அதற்கே சுமார் 29 மில்லி செகண்டு. கழித்துப் பார்த்தால் 72, அதாவது விநாடிக்கு 139 மீட்டர். பிறகு கழிக்கிற வேலையே வேண்டாம் என்று போனைச் சரியாக நடுவில், ஐந்தாவது மீட்டரில், பெல்லட் போகிற கோட்டிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தேன். இரண்டு சத்தமும் ஒரே தூரம் வந்து சேர்வதால் நடுவில் இருக்கும் நேரம் நேராகப் பெல்லட்டின் நேரம். பத்து தடவை சுட்டதில் 70-லிருந்து 80 மில்லி செகண்டுவரை ஆடியது. விநாடிக்கு 143 மீட்டர் ஒருமுறை, 125 மீட்டர் ஒருமுறை. இத்தனை ஆட்டம் இருக்கிற துப்பாக்கிக்குள் மில்லிகிராம் பார்த்துப் பெல்லட் போட்டிருக்கிறேன்.

பிரிக்க வேண்டியதுதான். குழலும் உடலும் சேர்கிற மூட்டில் டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்துச் சுட்டால் பேப்பர் பறந்தது, அங்கேயும் கசிவு. அதற்கு ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்), பைக் மெக்கானிக்கிடம் இருபது ரூபாய், பத்து நிமிஷ வேலை. உள்ளே இருப்பதுதான் பெரிய வேலை.

இங்கே என் இரண்டாவது முட்டாள்தனம். உடல் குழாயின் பின்மூடியை இரண்டு குறுக்குப் பின்கள் பிடித்திருக்கின்றன, அதற்குப் பின்னால் ஸ்பிரிங் அழுத்தத்தில் காத்திருக்கிறது. இழுத்து லோடு செய்யாதபோதும் அழுத்தம் இருக்கும். நான் குழாயைச் சுவரில் முட்டுக்கொடுத்து, தம்பியை மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, பின்னைத் தட்டினேன். இரண்டாவது பின் வெளியே வந்ததும் மூடி அவன் கையைத் தள்ளிக்கொண்டு பறந்து எதிரே இருந்த டிரங்குப் பெட்டியில் அடித்தது. பெட்டியில் இன்னும் குழி இருக்கிறது. அவன் முகம் அந்தக் கோட்டில் இல்லை என்பதால்தான் இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. மறுநாளே 900 ரூபாய்க்குத் தச்சர்கள் வைத்திருக்கும் மூன்று அடி சாஷ் கிளாம்ப் வாங்கினேன். குழலைக் கழற்றி உடலை மட்டும் அதில் படுக்கவைத்து, இரண்டு முனையிலும் மரக்கட்டை கொடுத்து, இறுக்கிப் பின்னை எடுத்துவிட்டு, மெதுவாகத் தளர்த்த வேண்டும். என் துப்பாக்கியில் மூடி 45 மி.மீ. பின்னால் வந்த பிறகுதான் ஸ்பிரிங் ஓய்ந்தது. கிளாம்ப் இல்லாமல் யாரும் இதைத் தொட வேண்டாம்.

ஸ்பிரிங்கை வெளியே எடுத்தால் ஒரு முனையில் ஒன்றரைச் சுற்று துண்டாக உடைந்து தனியாகக் கிடந்தது. தையல் மிஷின் எண்ணெயின் வேலை. கம்பி 3.2 மி.மீ., வெளிவிட்டம் 19.5. இதே அளவில் புது ஸ்பிரிங் 650 ரூபாய்க்குத் தபாலில் வந்தது. கடைக்காரர் இதைவிடத் தடித்த கம்பியில் ‘ஹெவி’ ஒன்று இருக்கிறது என்று ஆசை காட்டினார். வேண்டாம் என்றேன். உதறல் கூடும், சிதறல் கூடும், தவிர 20 ஜூல் என்கிற வேலிக்குப் பக்கத்தில் போகிற எண்ணமே எனக்கு இல்லை.

பிஸ்டன் தலையில் இருந்த தோல் வாஷர் அப்பளம் மாதிரி இருந்தது, விரலால் அழுத்தினால் நொறுங்கியது. கிண்ணம் போன்ற வடிவம், 25 மி.மீ. குழாய்க்குள் விளிம்பு உரசி நிற்க வேண்டும். புதிதாகச் செய்யலாம் என்று வீட்டிலிருந்த பழைய தோல் பையை வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, அதே விட்டக் குழாய்த் துண்டுக்குள் போல்ட்டும் வட்டத் தகடும் வைத்து இறுக்கி, இரண்டு நாள் காயவைத்தேன். அழகாகத்தான் வந்தது. எண்ணெயில் போட்டதும் தொளதொளவென்று ஆகிவிட்டது. குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் மடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது குரோம் தோல் தம்பி, எண்ணெய் பட்டா தொங்கிடும். உனக்கு வேணும்னா ஆவாரம்பட்டைல பதம் போட்டது வேணும், திண்டுக்கல் பக்கத்துத் தோல்.” கட்டிலுக்குக் கீழே இருந்து மூன்று மி.மீ. தடிமனில் ஒரு சோல் துண்டை எடுத்து நூறு ரூபாய்க்குக் கொடுத்தார். அதில் மூன்று வாஷர் ஆகும்.

அதில் முதலாவது கல் மாதிரி விறைப்பாக, அருமையாக வந்தது. குழாய்க்குள் தள்ளும்போது பிளேடால் சீவியது போல ஒரு பக்க விளிம்பு வெட்டுப்பட்டது. குழாயின் அடியில் லோடு செய்கிற இரும்புக் கை நகர்வதற்கு ஒரு நீளப் பிளவு இருக்கிறது, அதன் ஓரத்தைப் பேக்டரியில் வெட்டியபடியே விட்டிருக்கிறார்கள், நகத்தை வைத்து இழுத்தால் நகம் சீவுகிறது. சின்ன அரமும் 400 நம்பர் எமரி பேப்பரும் வைத்து ஒரு மணி நேரம் ஓரத்தை மழுக்கினேன். அதன்பின் உள்ளே இருந்த தூளை மண்ணெண்ணெய்த் துணியால் மூன்று தடவை துடைத்தேன். இரண்டாவது சோல் வாஷர் கீறல் இல்லாமல் போனது.

எந்த எண்ணெய் என்பதில் இந்த முறை அவசரப்படவில்லை. வாஷரைச் சுத்தமான சிலிக்கான் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்தேன், அது அவ்வளவு சுலபத்தில் பற்றிக்கொள்ளாது. இங்கே கடையில் கேட்டால் தெரியவில்லை, டிரெட்மில் பெல்ட்டுக்குப் போடுகிற எண்ணெய் என்று ஆன்லைனில் 280 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆனால் இரும்போடு இரும்பு உரசுகிற இடத்துக்குச் சிலிக்கான் உதவாது. ஸ்பிரிங்குக்கும் பிஸ்டன் பக்கவாட்டுக்கும் மாலி கிரீஸ், ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் 160 ரூபாய், டியூப் முழுக்கத் தடவாமல் விரல் நுனி அளவு.

இன்னொரு வேலை, ஸ்பிரிங்குக்குள் நிற்கிற வழிகாட்டிக் கம்பி. பழையது தகரக் குழாய், ஸ்பிரிங்குக்குள் லொடலொடவென்று ஆடியது, ‘டொய்ங்’ சத்தத்தில் பாதி அதுதான். தேயிலை பேக்டரிகளில் இலையை நறுக்குகிற சி.டி.சி. ரோலருக்குப் பல் வெட்டுகிற லேத் பட்டறைக்குப் போய், “அண்ணே, நைலான்ல ஒண்ணு கடைஞ்சு தரணும், 13 மி.மீ.” என்றேன். ஸ்பிரிங்கின் உள்விட்டம் 13.1. அவர் ஸ்பிரிங்கை வாங்கித் தானே மூன்று இடத்தில் அளந்தார். “நைலான் ஈரத்துல கொஞ்சம் ஊதும் தம்பி. 12.9 வெச்சுக்க” என்றார். முந்நூறு ரூபாய். மழைக்காலம் முழுக்க இந்த மலையில் எதுதான் ஊதாமல் இருக்கிறது, கதவு நிலையே ஊதுகிறது. சொன்னபடி 12.9 வைத்துக்கொண்டேன். ஸ்பிரிங்கை அதன் மேல் செருகினால் கையை விட்டாலும் நழுவாமல் மெல்ல இறங்குகிறது.

மறுபடி கிளாம்ப், பின், கட்டை, திருகு, நகப்பாலிஷ். முதல் முப்பது தடவை லேசாகப் புகை வந்தது, கிரீஸ் கொஞ்சம் முன்னால் போயிருக்கும். பிறகு நின்றுவிட்டது. சத்தம் ‘டொய்ங்’ போய் ‘தப்’ என்று ஆனது. போனை நடுவில் வைத்து அளந்தால் பத்து தடவையும் 54-லிருந்து 55 மில்லி செகண்டு. விநாடிக்கு 182 முதல் 185 மீட்டர். 0.53 கிராமுக்கு அது ஒன்பது ஜூல்தான். அதே பெல்லட்டுக்கு 20 ஜூல் வேண்டுமென்றால் 275 மீட்டர் வேகம் வேண்டும், நாம் அந்தப் பக்கமே இல்லை. ஐந்து அட்டையின் சராசரி 17 மி.மீ. அதோடு பெல்லட் அகலத்தைச் சேர்த்தால் 21.5, அதனால்தான் பழைய ரூபாய் மறைக்கிறது, புதியது மறைப்பதில்லை.

பெருமையடித்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. போட்டிகளில் பத்து மீட்டர் ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. அவர்கள் உலகம் வேறு.

நிறுத்த பெல்லட்டை இப்போது மறுபடி சோதித்தேன். நிறுக்காதது 17, நிறுத்தது 16. அதே ஒரு மில்லிமீட்டர். கண்ணாடியில் உருட்டுவதை மட்டும் விடாமல் செய்கிறேன். நிறுப்பதை மழைநாள் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

சுடுகிற இடம் வீட்டுக்குப் பின்னால், தேயிலைச் சரிவை வெட்டிய ஏழு அடி மண்சுவர். அதற்கு முன்னால் எண்ணெய் டின்னுக்குள் பழைய துணியை அடைத்து, பின்பக்கம் மூன்று மி.மீ. இரும்புத் தகடு. நடுவில் யாரும் குறுக்கே வர வழியில்லாத இடம். லோடு செய்யும்போது ஒரு கை எப்போதும் குழலைப் பிடித்திருக்கும், டிரிகர் நழுவிக் குழல் மடங்கி மூடினால் விரல் போய்விடும். பக்கத்து வீட்டு அக்கா இப்போதெல்லாம் சத்தத்துக்குப் பயப்படுவதில்லை, பதிலுக்கு, “தம்பி, அந்தக் குரங்குங்களுக்கு ரெண்டு வெச்சா என்ன?” என்கிறார். மாட்டேன் அக்கா என்றேன். காட்டு விலங்குகளுக்கு 1972-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, தவிர அந்தக் குரங்கு என்னை என்ன செய்தது. வெண்டைக்காய் பறித்தது அவருடையதை.

செலவை நோட்டில் கூட்டினால்: இரண்டு தராசும் சேர்த்து 1,800, பெல்லட் இரண்டு டப்பா 1,100, ஸ்பிரிங் 650, கிளாம்ப் 900, லேத் 300, சிலிக்கான் 280, கிரீஸ் 160, தோல் 100, ஓ-ரிங் 20. மொத்தம் 5,310. வெர்னியர் ஏற்கெனவே இருந்தது. மறுபடி முதலிலிருந்து செய்தால் முதல் நாள் திருகு, இரண்டாம் நாள் டிஷ்யூ பேப்பர், மூன்றாம் நாள் போனில் வேகம், அப்புறம் கிளாம்ப். தராசு வாங்க மாட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் வாங்குவேன். 450 ரூபாய்த் தராசை மட்டும் வாங்க மாட்டேன். அதில் இப்போது அம்மா ஏலக்காய் நிறுக்கிறார்.

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர்ப் பக்கம் வடகிழக்கு மழை பிடித்தால் ஒரு ராத்திரியில் கைரேகை வடிவத்திலேயே துரு ஏறுகிறது. சுட்ட பிறகு எண்ணெய்த் துணியால் துடைத்து, பஞ்சு வைத்த பைக்குள் போடாமல் மரப்பெட்டியில் வைக்கிறேன். உள்ளே நீல சிலிக்கா ஜெல், அது ரோஸ் நிறமானதும் தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும். தோசைக்கல்லுக்கும் அம்மாவிடம் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

போன ஞாயிறு சித்தப்பா வந்திருந்தார். சுடச் சொன்னால் மறுத்துவிட்டார். நோட்டை மட்டும் வாங்கி, மாடிப்படியில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து, “இங்க தேதி போடலையே” என்றார். பேனாவைக் கேட்டு வாங்கினார்.

டிரிகர்தான் பாக்கி. பெட்டி தூக்குகிற கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தேன், 3.1 கிலோ. அதை நானே அரம் போட்டுக் குறைக்கப் போவதில்லை. டிரிகருக்குள் பிஸ்டனைப் பிடித்து நிறுத்துகிற கொக்கியின் விளிம்பு ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தால் கை படாமலே வெடிக்கும். லேத் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன், பொங்கல் கூட்டம் முடியட்டும் என்றிருக்கிறார்.